பின்கழுத்து

பிப்ரவரி 10

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம், என் முழங்காலைத் தவிர. வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் சிரிப்பாய். சிரித்தாலும் பரவாயில்லை, சாப்பிடுகிறாயா?

வீட்டுக்குப் போன் செய்யாதே என்று சொன்னதில் உனக்கு மனத்தாங்கல் இருக்கும். நான் என்ன செய்வேன்? போன் மணி அடித்தாலே என் மாமியார் "யாரு, யாரு" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அலுவலகத்திலிருந்து எழுதுவதில் ஒரு சௌகரியம், நீ குறுக்கே பேச முடியாது.

இத்துடன் எங்கள் துறையின் ஆண்டுப் புத்தகத்தை வைத்திருக்கிறேன். நடுப்பக்கத்தைத் திறந்து பார். உன் கடையேதான்! "ஆஸ்பத்திரிக்கே வராதவங்க சலூனுக்கா வரப்போறாங்க?" என்று போன வருடம் என்னைக் கேலி செய்த இயக்குநர், இந்த வருடக் கூட்டத்தில் எழுந்து நின்று கைதட்டினார். வார விடுமுறை நாளில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து எச்.ஐ.வி. பரிசோதனை செய்வது, முடிவு தெரியும் வரை அவர்களைத் தனியாகப் பயந்துகொண்டு உட்காரவிடாமல் நாற்காலியில் ஏற்றி முடி வெட்டுவது, எல்லாவற்றையும் விவரமாக எழுதியிருக்கிறோம். பரிசோதனைப் பெட்டிகளும் தடுப்பு மாத்திரைகளும் இன்னும் ஒரு வருடத்துக்கு உறுதி. கவலைப்படாதே, போட்டோவில் ஒருவர் முகமும் தெரியாது. பின்னாலிருந்து எடுக்கச் சொன்னதே நான்தான்.

உன் மருமகளுக்கு நல்ல இடம் ஒன்று கூடிவரும்போல இருக்கிறது. முடிந்ததும் எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 21

அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். முழங்காலை நல்ல டாக்டரிடம் காட்டு. நலம் விசாரித்தாகிவிட்டது. இனி வருவதெல்லாம் கோபம், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படி.

கடையில் நாங்கள் யாரும் யாருடைய பேரையும் கேட்பதில்லை, தொழிலைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். அதில் லிஃப்ட் என்று ஒருவர். அடுக்குமாடிகளில் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். கல்யாணமானவர். வாயைத் திறந்தால் கடையே சிரிக்கும். முதல் தடவை வந்தபோது ஷட்டருக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தவர், யாராவது செருப்பைப் பார்த்துவிடுவார்கள் என்று திரும்பிப் போய் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவ்வளவு பயம். அந்தப் பயத்தைப் போக்கி, ஆணுறை பற்றிக் கூச்சமில்லாமல் பேசவைத்து, தினம் ஒரு தடுப்பு மாத்திரை போட்டால் எச்.ஐ.வி. தன்னை அண்டாது என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அவரைக் கவிழ்க்க உனக்கு ஒரு பக்கம் போதுமாக இருந்தது.

அவருடைய மனைவி ஓர் ஆஸ்பத்திரியில் பில் போடுகிறார். வரவேற்பு மேசையில் உன் புத்தகம் கிடந்திருக்கிறது. நடுப்பக்கத்தில் மூன்று நாற்காலி, மூன்று முதுகு. மேலே கொட்டை எழுத்தில், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களுக்கான பரிசோதனை. தினமும் காலையில் அவருடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போகிறவர் அந்த அம்மா. புருஷனின் முகத்தைவிடப் பின்கழுத்தைத்தான் அதிக நேரம் பார்த்திருக்கிறார். இடது காதுக்குக் கீழே வெல்டிங் பொறி பட்ட தழும்பு வேறு. வீட்டுக்கு வந்து புத்தகத்தை விரித்து முன்னால் வைத்து, "இது யாரு கழுத்து?" என்று கேட்டிருக்கிறார். மாத்திரையெல்லாம் சாக்கடைக்குப் போயிற்று. அவர் இப்போது ஒரு மொட்டைமாடி லிஃப்ட் அறையில் படுத்துக்கொள்கிறார். கடைக்கு வந்து நின்று, "அண்ணே, உங்களை நம்பித்தானே உக்காந்தேன்" என்றார்.

முகத்தை மறைத்தால் ஆளை மறைத்தாயிற்று என்று நினைக்க அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களால்தான் முடியும். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எனக்கு ஆட்களைப் பின்னாலிருந்துதான் தெரியும்.

கேட்கவில்லை என்றும் சொல்ல முடியாது. போட்டோகிராபரோடு நீ வந்த அன்றைக்கு, ஊரார் முன்னால் யாரோ போல என்னை "வாங்க சார்" என்றாய். நானும் "சொல்லுங்க மேடம்" என்றேன். "போட்டோ வேணும்னா என் முகத்தை எடுங்க மேடம். இவங்களை விட்டுடுங்க" என்றும் சொன்னேன். நீ தலையாட்டினாய். நான் தலை சீவிக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேன். நீதான் "இவங்க பின்னாடி சும்மா இருக்கட்டும், பக்கத்துல நீங்க நில்லுங்க" என்றாய். இப்போது புத்தகத்தில் அவர்கள் இருக்கிறார்கள், நான் இல்லை. ஓரத்தில் கத்திரிக்கோல் பிடித்த ஒரு கை இருக்கிறது. அது என் கை.

என் முகம் எங்கே அக்கா?

தம்பி


மார்ச் 2

என் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அலுவலகக் கழிப்பறையில் நின்று அழுதேன். அந்த லிஃப்ட்காரருக்கு நேர்ந்தது அநியாயம். அது என் தவறு. அவருக்கு என்ன உதவி வேண்டுமோ கேள், செய்கிறேன்.

ஆனால் நீ எழுதியிருக்கிற தொனி எனக்குப் பொறுக்கவில்லை. பல வருடம் முன்பு, நீ முதல்முதலாகப் பரிசோதனைக்குப் போன ஆஸ்பத்திரியில், பெஞ்சில் உனக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தும் எல்லோரும் சுவரோரமாக நின்றார்கள். வந்து பக்கத்தில் உட்கார்ந்தது நான்தான். நான் இந்த வேலைக்கு வந்ததே அந்தப் பெஞ்சினால்தான். ஒவ்வொரு கூட்டத்திலும் உங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பவர்களிடம் தொண்டை வறளப் பேசி வாங்கிவருகிறேன் அந்தப் பெட்டிகளை. ஒரு போட்டோ இல்லாவிட்டால் இந்த வருடமே நிறுத்தியிருப்பார்கள். அது உனக்குத் தெரியாது. நான் சொன்னதும் இல்லை.

உன் முகத்தைப் படத்திலிருந்து வெட்டச் சொன்னது நான்தான். ஒளிக்கவில்லை. மகளுக்குப் பார்த்திருக்கும் பையனின் கம்பெனிக்கும் அந்தப் புத்தகம் போகிறது. நாளைக்குக் கல்யாணத்தில் தாய்மாமனாக நீ முன்வரிசையில் நிற்க வேண்டும். "இவரை எங்கேயோ பார்த்திருக்கிறோமே" என்று யாராவது இழுத்தால் என்ன செய்வது? நீ அங்கே நிற்கவேண்டும் என்பதற்காகத்தான் இங்கே வெட்டினேன். பெற்றவளாக இருந்து பார், புரியும்.

கோபத்தை இறக்கி வை. கொஞ்ச நாளில் எல்லாம் சரியாகும்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

அந்தப் பெஞ்சை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன். ஆனால் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்ததற்காக, ஆயுசுக்கும் என்னை மூடிவைக்கும் உரிமை உனக்கு வந்துவிடாது.

நேற்று விடுமுறை நாள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, துண்டெல்லாம் துவைத்து மடித்து வைத்துக் காத்திருந்தேன். ஒரு ஈ காக்கை வரவில்லை. சாயங்காலம் கணக்கு வாத்தியார் மட்டும் வந்தார். குனிந்து உள்ளே வரவில்லை. வெளியிலிருந்தே "கேமரா ஏதும் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "இல்லைன்னுதான் போன தடவையும் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இத்தனைக்கும் அவருக்கு மாத்திரை தீர்கிற நேரம். டிரம்மர் போனையே எடுப்பதில்லை. அவர்கள் பரிசோதனையை நிறுத்தினால் நிறுத்துவது அதை மட்டும்தான் அக்கா. காதலை யாரும் நிறுத்தப்போவதில்லை. இனி ஒருவருக்குத் தொற்று வந்தால் அதைக் கண்டுபிடிக்கவும் ஆளிருக்காது, உடனே மருந்து தொடங்கவும் ஆளிருக்காது. உன் இயக்குநர் கைதட்டியது இதற்குத்தான்.

கொஞ்ச நாளில் சரியாகும் என்று நீ எழுதியிருக்கிறாய். சரியாக்கினால்தான் ஆகும். செய்யவேண்டியதைச் சொல்கிறேன். ஒன்று விடாமல் எல்லாப் புத்தகத்தையும் திரும்ப வாங்கு. மறுபடி அச்சடித்து, அந்த மூன்று முதுகையும் எடுத்துவிட்டு என் முகத்தைப் போடு. "இந்தக் கடையை நடத்துகிறவர், இவரும் ஆண்களை நேசிக்கும் ஆண், திட்ட அலுவலரின் தம்பி" என்று கீழே எழுது. கடைக்காரனே முகத்தைக் காட்டிவிட்டான், இனி அவன் நம்மை விற்கமாட்டான் என்று அவர்கள் திரும்பி வருவார்கள். வேறு எதற்கும் வரமாட்டார்கள்.

தாய்மாமனாக முன்வரிசையில் நிற்கவைப்பாயாம். முகமில்லாத தாய்மாமன் எதற்கு? அந்தக் கையை வேண்டுமானால் கூப்பிட்டுக்கொள்.

கடைக்காரன் என்ற முறையில் உன் அலுவலகத்துக்கும் ஒரு புகார் அனுப்பியிருக்கிறேன். என் முகத்தை எடுப்பதாக வாக்குக் கொடுத்து ஏமாற்றினார்கள், அதனால் கடைக்கு ஆட்கள் வருவதே நின்றுவிட்டது என்று எழுதினேன். நீ என் அக்கா என்று எழுதவில்லை. இத்தனை வருடம் காப்பாற்றிய ரகசியத்தைக் கோபத்தில் உடைக்கிறவன் இல்லை நான்.

தம்பி


மார்ச் 24

பெறுநர்:
உரிமையாளர்,
முடிதிருத்தும் நிலையம்.

ஐயா,

தங்கள் புகார் மனு பரிசீலிக்கப்பட்டது. மேற்படி வெளியீட்டில் இடம்பெற்றுள்ள புகைப்படத்தில் எவருடைய முகமும் காணப்படாததால், அந்தரங்க விதிமீறல் ஏதும் நிகழவில்லை எனக் கண்டறியப்பட்டுள்ளது. தாங்கள் குறிப்பிட்டுள்ளபடி, இவ்வலுவலகப் பணியாளர் எவரும் தங்களுக்குத் தனிப்பட்ட முறையில் வாக்குறுதி அளித்ததாகப் பதிவுகள் இல்லை.

தங்கள் நிலையத்துக்குப் பயனாளிகள் வருவது நின்றுவிட்டதாகத் தாங்களே தெரிவித்துள்ளதைக் கருத்தில்கொண்டு, பரிசோதனைப் பெட்டிகள் மற்றும் தடுப்பு மாத்திரைகள் வழங்குவது மறு உத்தரவு வரும் வரை நிறுத்திவைக்கப்படுகிறது.

தங்கள் உண்மையுள்ள,
திட்ட அலுவலர்


ஏப்ரல் 4

அக்காவுக்கு,

அலுவலரின் கடிதத்துக்கு அலுவலருக்கே பதில் போட்டாயிற்று. இது அக்காவுக்கு.

இந்தக் கடிதத்துக்கு முன்போ பின்போ ஒரு பெண் உன்னைத் தேடி அலுவலகத்துக்கு வருவார். காவலாளியை விட்டு அவரை வெளியே அனுப்பிவிடாதே. யார் என்று சொல்கிறேன்.

போன விடுமுறை நாளில் வழக்கம்போல ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு புடவை குனிந்து உள்ளே வந்தது. நிமிர்ந்ததும் முகத்தைப் பார்த்தேன், யாரென்று சொல்லாமலே தெரிந்துவிட்டது, லிஃப்டின் மனைவி. கையில் உன் புத்தகம். கடை இன்றைக்கு ரணகளம்தான் என்று நினைத்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"பரிசோதனை இங்கதானே பண்றீங்க?"

"ஆமாம்மா."

"எனக்கும் பாக்கணும்."

ஊசி குத்தும்போது கையை இழுக்கவில்லை. முடிவு வரும் வரை என்ன செய்வதென்று எனக்குத்தான் தெரியவில்லை. பெண்களுக்கு வெட்டிப் பழக்கமில்லை. அவரே நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். "எல்லாருக்கும் வெட்டுவீங்களாமே. எனக்கு நுனி மட்டும் வெட்டுங்க" என்றார். வெட்டினேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே பேசினார், திட்டுவது போலவே பேசினார்.

"மாத்திரையைச் சாக்கடையில கொட்டினது நான்தான். நோய் இருக்குன்னு நெனச்சுக் கொட்டினேன். அப்புறம் டப்பாவுக்குள்ள இருந்த காகிதத்தை எடுத்துப் படிச்சேன். நோய் வரக்கூடாதுன்னுதான் சாப்பிட்டிருக்காரு. அது எனக்கும் சேத்துத்தான். எங்கிட்ட மறைச்சதுக்கு நான் அவரை மன்னிக்கல. மன்னிப்பேனான்னும் தெரியல. ஆனா மாத்திரையைக் குடுங்க. நான் திட்டுறதுக்காவது ஆளு நல்லா இருக்க வேணாமா?"

அந்த அம்மாவுக்குத் தொற்று எதுவும் இல்லை. சொன்னதும் ஒரு பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான். இத்தனை நாள் மாத்திரை விட்டுப்போனதால் முதலில் அவருடைய கணவரைப் பரிசோதிக்க வேண்டும், பிறகுதான் தரமுடியும் என்றேன். மறுநாளே பைக்கில் கூட்டிவந்தார். அந்த அம்மா ஓட்டினார், லிஃப்ட் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் எதுவும் இல்லை. ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். உன் பெட்டியில் கடைசியாக மிச்சமிருந்தது அவர்கள் இருவருக்கும்தான் ஆயிற்று. இனி உன் பெட்டி வேண்டாம். வேறு ஒரு சங்கத்தில் பேசியிருக்கிறேன், அவர்களுடைய நர்ஸ் வருவார். கடை வாசலில் என் போட்டோவைப் பெரிதாக அடித்து நானே மாட்டிவிட்டேன், கீழே நான் யாரென்றும் எழுதிவிட்டேன். எதிர்க்கடைக்காரர் மூன்று நாளாக என்னோடு பேசுவதில்லை. கணக்கு வாத்தியார் வந்து முடி வெட்டிக்கொண்டு போனார்.

நான் சொல்லவந்தது இதுவல்ல. முதல் நாள், கிளம்பும்போது அந்த அம்மா புத்தகத்தை மேசைமேல் வீசினார்.

"இதைப் போட்டது யாரு?"

"அலுவலகத்துல ஒரு மேடம்."

"எந்த மேடம்? நான் போய் நேருக்கு நேரா கேக்கறேன்."

மழுப்பியிருக்கலாம். இத்தனை வருடம் மழுப்பிப் பழகியவன்தான். ஆனால் உயிர் போகிற கோபத்திலும் ஷட்டருக்குக் கீழே குனிந்து வந்து, விரலை நீட்டிய ஒரு மனுஷியிடம் எனக்குப் பொய் வரவில்லை. என் அக்கா என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் போய் முகமே மாறிவிட்டது. "சொந்த அக்காவா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது அக்கா. தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன். என்னைத் தம்பி என்று சொல்ல உனக்கு இத்தனை வருடம் எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தம்பி