பந்தல் ஆணிகளுக்கு நடுவே ஒரு வளையல்

ஏட்டி,

உன் வார்த்தையாலேயே உன்னைக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். நீ இருந்தவரை இதை நான் சொன்னால் போதும், "தஞ்சாவூர்க்காரி வாயில இது வராது, விட்டுரு" என்று விழுந்து விழுந்து சிரிப்பாய். இப்போது சிரிக்க ஆளில்லாத தைரியத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

இன்று காலை காளிகாட் மெட்ரோ வாசலில் என்னைச் சோதித்த காவலர் பெண்ணின் கைக்கருவி, என் பையருகே வந்ததும் கத்தியது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, நடுவாந்தரமாக ஒரு சத்தம். "ஹால்தார் தா!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண், "யார் அது? எங்கே நிற்கிறார்?" என்று எனக்குப் பின்னாலிருந்த வரிசையை முறைக்க ஆரம்பித்துவிட்டாள். பையிலிருந்து என் பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டியும் அவளுக்குச் சந்தேகம் தீரவில்லை. ரயிலில் உட்கார்ந்த பிறகும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. உன்னிடம் சொல்லலாமென்று பக்கத்தில் திரும்பினேன். அங்கே ஒரு கல்லூரிப் பெண் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அதனால்தான் வீட்டுக்கு வந்த கையோடு இதை எழுத உட்கார்ந்தேன்.

நம்முடைய அந்தப் பழைய மெட்டல் டிடெக்டர் வந்து சேர்ந்ததே ஒரு கூத்து. அமெரிக்காவில் உன் மகன் கடற்கரையில் அதை வைத்துக்கொண்டு மணலைத் துழாவிக்கொண்டிருந்தான். புதிதாக இன்னொன்று வாங்கியதும், பழையதை லீவுக்கு வரும்போது தூக்கிவந்து உன் கட்டிலுக்கடியில் போட்டுவிட்டுப் போனான். நாம் இருவரும் ஓய்வு பெற்ற புதிது. நான் அலிப்பூர் அலுவலகத்திலிருந்து, நீ வங்கியிலிருந்து. சால்ட் லேக்கில் எதிரெதிர் கதவு. உன் வீட்டுக்காரர் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. என் வீட்டுக்காரர் இருந்தும் பேப்பருக்குப் பின்னால்தான் இருந்தார். "எல்லாரும் ரிட்டயர் ஆனா காசி ராமேஸ்வரம்னு போவாங்க. நாம மண்ணக் கிளறுவோம், வாட்டி" என்றாய்.

முதல் நாள் மொட்டைமாடியில் ஒத்திகை. எங்கே வைத்தாலும் அது உறுமியது. "இந்த ஹவுசிங்கக் கட்டினவன் புதையலுக்கு மேலயே கட்டிருக்கான்!" என்று நீ குதித்தாய். தளத்துக்குள் இருக்கும் கம்பிகள்தான் அப்படிக் கத்துகின்றன என்று கையேட்டைப் படித்து நான் சொன்னதும் உன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. கையேடு படிக்கிறவர்களை உனக்கு எப்போதுமே பிடிக்காது.

பிறகு நம் ப்ளாக் பார்க்கின் புல்தரைக்குப் போனோம். கையிலிருந்ததையெல்லாம் கழற்றிப் பையில் போட்டு, பையைத் தூரத்தில் பெஞ்சில் வைத்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன சாமான்களைப் புல்லில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். கருவிக்கு மூன்று குரல்கள்தான். இரும்பென்றால் அடித்தொண்டையில் ஓர் உறுமல். வெள்ளியும் செம்பும் என்றால் கணீரென்ற மணி. இரண்டுக்கும் நடுவே ஒரு குரல். என் மோதிரத்தை வைத்தாலும் அதுதான், காலி மாத்திரை அட்டையை வைத்தாலும் அதுதான். தங்கத்துக்கும் குப்பைக்கும் ஒரே குரலா என்று எனக்குக் கோபமே வந்தது. நீதான் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தாய். உறுமல், உன் பழைய பிராஞ்ச் மேனேஜர். லீவு கேட்டாலும் அப்படித்தான், குட் மார்னிங் சொன்னாலும் அப்படித்தான். மணி, கீழ்வீட்டு ஷிப்ராவின் சிரிப்பு. நடுக்குரல், ஷிப்ராவின் கணவர், நாம் 'தா' போட்டு அண்ணனாக்கிக்கொண்ட ஹால்தார் தா. மகன் பாஸானதையும் வீட்டில் திருடன் புகுந்ததையும் ஒரே குரலில் சொல்லக்கூடிய மனிதர். "அவரு சொன்னா தங்கமா தகரமான்னு தோண்டித்தான் பாக்கணும்" என்றாய்.

நீ போன செய்தியையும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அவர்தான் எனக்குச் சொன்னார். அதே குரலில்தான் சொன்னார். காஸ் சிலிண்டர் வந்திருக்கிறது என்கிறாரோ என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அதற்காக அவரோடு எனக்கு இன்னும் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

குரல்கள் படிந்ததும் பொத்தான்களில் சண்டை தொடங்கியது. 'காயின்' என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் குப்பையெல்லாம் வாயை மூடிக்கொள்ளும். ஆனால் நம் ஒரு ரூபாய்க்கும் சேர்த்து வாயை மூடிக்கொண்டது. அது இரும்புச் சாதி என்று ஒதுக்கிவிட்டதாம். "ஊர்க்காசுக்கு மரியாத தெரியாத மெஷினு" என்று நீ அதைத் தட்டினாய். 'ஜுவல்லரி' என்றால் இரும்பு மட்டும் பேசாது, மற்றதெல்லாம் பேசும். 'ஆல் மெட்டல்' என்றால் எல்லாமே பேசும். நம் பார்க்கில் அதைப் போட்டால் பைத்தியம்தான் பிடிக்கும். வருஷா வருஷம் துர்கா பூஜைப் பந்தலை அங்கேதான் போடுகிறார்கள். மூங்கிலைப் பிரித்துக்கொண்டு போகிறவர்கள் ஆணியையா பொறுக்கிக்கொண்டு போவார்கள்? காலடிக்குக் காலடி மேனேஜர். அதனால் நமக்கு எப்போதும் 'ஜுவல்லரி'தான்.

இங்கே தை மாதம் வருமே, அந்தச் சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் காலை நினைவிருக்கிறதா? உன் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். ஹால்தார் தா வந்து வாசலில் நின்றார். "ஷிப்ராவின் கைவளை ஒன்று நேற்று பார்க்கில் விழுந்துவிட்டது. கல்யாணத்தில் என் அம்மா போட்டது. உங்களிடம் அந்த மெஷின் இருக்கிறதே" என்றார். சரி என்றோம். அவர் போகவில்லை. "நாளை மறுநாள் எனக்கு பைபாஸ். வளை கையில் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குள் காலெடுத்து வைக்கமாட்டேன் என்கிறாள். கையெழுத்துப் போட வேண்டியவள் அவள்தான்" என்றார். எல்லாம் அதே குரல். நீ காபி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாய்.

கீழே போனால், ஷிப்ரா மணிக்கட்டைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சங்கு வளையும் சிவப்பு வளையும் இருந்தன. அவற்றோடு தகதகவென்று மின்னிக்கொண்டிருக்கும் அந்த ஒன்று மட்டும் இல்லை. கவலையில் அவள் கை அப்படி மெலிந்திருந்தது. முந்தின நாள் பார்க்கில் கிச்சுரி பிரசாதம் பரிமாறியபோதோ, குழாயடியில் அண்டா கழுவியபோதோ நழுவியிருக்க வேண்டும். "ஷிப்ரா, அழாத. ராத்திரிக்குள்ள உன் கையில இருக்கும்" என்று நீ பாட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாய்.

'ஜுவல்லரி'யைப் போட்டுக்கொண்டு இறங்கினோம். ஹால்தார் தா குரல் வரும்போதெல்லாம் நீ மண்டி போட்டு, தோசைத் திருப்பியால் மண்ணைக் கிளறினாய். சாக்லேட் காகிதம் வந்தது. மாத்திரை அட்டை வந்தது. ஒரு தடவை ஷிப்ராவின் சிரிப்பு கேட்டு ஆவலாய்த் தோண்டினால் குழந்தையின் கொலுசு மணி ஒன்று. நடக்க வந்த பெரியவர் ஒருவர் நம்மைக் கார்ப்பரேஷன் ஆட்கள் என்று நினைத்து, தன் வீட்டில் தண்ணீர் மெதுவாக வருகிறது என்று புகார் சொன்னார். நீ முகத்தை இறுக்கிக்கொண்டு "எந்த மாடி?" என்று விசாரித்து, ஆவன செய்வதாகச் சொல்லி அனுப்பினாய். நான் செடிக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் வெயில் ஏறிய பிறகு உன் வாயும் ஓய்ந்துவிட்டது. குழாயடியை மூன்று முறை சலித்தாயிற்று. ஒன்றுமில்லை.

ஷிப்ரா பிளாஸ்க்கில் சா கொண்டுவந்தாள். பேச்சை மாற்ற வேண்டுமே என்று நீ கேட்டாய், எத்தனை பவுன் இருக்கும் என்று. அவள் நம்மை விநோதமாகப் பார்த்தாள்.

"பவுனா? அது லோஹா, திதி. உள்ளே இரும்பு. மேலேதான் மெல்லிசாத் தங்கத் தகடு சுத்தியிருக்கு. புருஷனுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதானே இரும்பைப் போடறது?"

நீ என்னைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். வெறும் இரும்பு லோஹா போட்ட கைகளை நமக்குத் தெரியும். தங்கம் பூட்டிய லோஹாவை இத்தனை காலமும் தங்க வளையல் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். மாமியார் கல்யாணத்தில் போட்டது என்றால் நம் புத்தி பவுனைத் தவிர வேறெங்கே போகும்?

"ஏட்டி, பொறந்ததுலேருந்து இந்த ஊரு தண்ணியக் குடிச்சிருக்கோம்" என்றாய். "பக்கத்து வீட்டுக்காரி கையில கெடக்குறது என்னன்னு ஒரு நாளு கேட்டோமா? தேடுற சாமானோட வாயையே பொத்திட்டு காலையிலேருந்து தேடிருக்கோம்!"

'ஆல் மெட்டல்' போடாமல் வழியில்லை. போட்டால் அத்தனை ஆணிகளும் ஒரேயடியாக உறுமின. ஆணிக்கும் லோஹாவுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்? இன்னொரு லோஹாவை வைத்துக் கேட்டுப் பார்க்கலாம் என்றேன். "எந்தப் பொம்பளையும் கழட்டித் தரமாட்டா" என்றாய். அப்போதுதான் நடைப்பயிற்சிக்கு வந்த மஜும்தார் மாஷிமாவை நீ மடக்கினாய். ப்ளாக்குக்கே பெரியம்மா மாதிரி அந்த மாஷிமா; பருத்த உடம்பு, கறாரான ஆள், பூஜைக் கமிட்டியே அவருக்குப் பயப்படும். கழற்ற முடியாது என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "கழட்ட வேண்டாம், கையோட குடுங்க" என்றாய் நீ. விஷயம் கேட்டதும் அவர் மறுபேச்சில்லாமல் வாட்சையும் மோதிரத்தையும் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, புல்லில் சப்பணமிட்டு உட்கார்ந்து, இடது கையைத் தரையில் விரித்து வைத்தார். சங்கையும் சிவப்பு வளையையும் கருவி கண்டுகொள்ளாது. லோஹா மட்டும்தான் பேச வேண்டும்.

நீ கருவியை அந்தக் கைக்கு மேல் மெல்ல ஓட்டினாய். மேனேஜரின் உறுமல்தான். ஆனால் உறுமி முடிக்கிற இடத்தில் சன்னமாக ஒரு மணி. திரும்ப ஓட்டினாய். அதே உறுமல், அதே மணி. ஆணிக்கு அந்த வால் கிடையாது. "மேனேஜரு கடைசியில சிரிக்காரு!" என்று நீ கத்தினாய். மாஷிமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் போதும் என்று நாம் சொல்லும்வரை கையை எடுக்கவே இல்லை.

பிறகு அந்தக் குரலை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு குழாயடியிலிருந்து ஆரம்பித்தோம். நீ ஓட்ட, நான் பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு வந்தேன். உறுமல், உறுமல், வெறும் உறுமல். பந்தல் மூங்கில் நட்டிருந்த ஒரு பழைய குழிக்கு மேல் வந்தபோது உறுமலின் நுனியில் மணி கேட்டது. இருவரும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டோம். அண்டா கழுவின தண்ணீர் ஓடிவந்து அந்தக் குழியில்தான் தேங்கியிருக்கிறது. மேலே ஊறிப்போன சால் இலைத் தட்டுகள், கீழே சேறு. நீ முழங்கை வரை உள்ளே விட்டாய். முதலில் இரண்டு ஆணி வந்தன. அப்புறம் அது வந்தது.

மாஷிமா அங்கேயே குலவையிட்டுவிட்டார். ஷிப்ரா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வளையலைக் குழாயில் கழுவி, முந்தானையில் துடைத்து, திரும்ப உன் உள்ளங்கையிலேயே வைத்தாள். இடது கையை உன்னிடம் நீட்டினாள். "துமியி பொரியே தாவ், திதி" என்றாள். நீயே போட்டுவிடு, அக்கா என்று.

நீ பின்னால் நகர்ந்தாய். வளையலை என் பக்கம் நீட்டினாய். "இவ போடட்டும். இவளுக்கு வீட்டுக்காரர் இருக்காரு. நான் போடக் கூடாது" என்று வங்காளியில் தொடங்கித் தமிழில் முடித்தாய். ஷிப்ராவுக்கு அந்தத் தமிழும் புரிந்திருக்க வேண்டும். நீட்டின கையை அவள் மடக்கவில்லை.

"இதை எனக்குப் போட்ட அன்னைக்கு என் மாமியாருக்கும் புருஷன் இல்லை, திதி. கூடாதுன்னு எல்லாரும் சொன்னாங்க. அவங்க கேக்கலை. இத்தனை வருஷமா இவர் என் கூடத்தானே இருக்கார்?"

எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு கிண்டல் வைத்திருக்கும் நீ, சேறு படிந்த விரல்களைப் புடவையில் துடைத்தாய். துடைத்தது போதவில்லை என்று திரும்பத் துடைத்தாய். அவள் கையைப் பிடித்து, விரல் எலும்புகளை ஒடுக்கி, மெதுவாக ஏற்றிவிட்டாய். அது போய்ச் சங்கு வளையோடு மோதி நின்ற பிறகும் அவள் கையை நீ விடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. உனக்கும்தான். எனக்குத் தெரியும்.

ஹால்தார் தா பிழைத்து வந்தார். இன்றும் தினமும் பார்க்கில் நான்கு சுற்று நடக்கிறார், நடப்பது தனக்குப் பிடிக்கவே இல்லை என்று அதே குரலில் சொல்லிக்கொண்டு.

அந்த வருஷ நவராத்திரியில் என் வீட்டுக் கொலுவுக்கு வழக்கம்போல வந்தாய். வழக்கம்போல யாரும் கூப்பிடும் முன்பே சமையலறைக்குள் போய்விட்டாய். சுண்டல் தாளிக்க உன்னைவிட்டால் ஆளில்லை என்பது நீயாகக் கிளப்பிவிட்ட கதை. நான் குங்குமமும் வெற்றிலையும் வைத்த தட்டைக் கூடத்துக்கு எடுத்துப் போகாமல் நேரே அடுப்பங்கரைக்கு எடுத்து வந்தேன்.

"ஏட்டி, ஆளுக பாக்காங்க" என்றாய்.

"பார்க்கட்டும்" என்றேன்.

நீ அடுப்பைச் சிறிதாக்கினாய். கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டாய். குங்குமம் எடுத்துக்கொண்டாய். கடுகு கருகிப்போனது. அந்தக் கருகின சுண்டலைத்தான் எல்லாருக்கும் கொடுத்தோம், எல்லாரும் சாப்பிட்டார்கள்.

இந்த வருஷம் நீ இல்லாமல் கொலு வைத்தேன். கரக்பூர் ரயில்வே காலனியிலிருந்து இரண்டாவது மாடிக்குக் குடிவந்திருக்கும் தமிழ்க்கார அம்மாளையும் அழைத்திருந்தேன். கோடையில்தான் கணவர் தவறியிருக்கிறார். நான் சொல்லாமலேயே அவர் சமையலறைக்குள் போய்த் தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டார். கூடம் நிறைய ஆட்கள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"எனக்கு வேண்டாங்க. வெளிய இருக்கறவங்களுக்குக் குடுங்க" என்றார், தலையைத் தூக்காமல்.

நான் தட்டை இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் துருவலை உதறிவிட்டு, கையைப் புடவையில் துடைத்தார். பிறகு இன்னொரு முறை துடைத்தார். எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும் என்று நின்றுகொண்டே இருந்தேன்.