இரண்டு பக்கமும் வாசித்த பெயர்

மாமி,

கல்லறைத் திருநாளுக்கு வாங்கிய மெழுகுவத்திக் கட்டு வெயிலில் இளகி, வீடெல்லாம் அந்த வாடை. உங்கள் கல்லறையில் ஏற்றத்தான் வாங்கினேன். பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். ஏற்றாவிட்டால் ஊர் என்னைப் பேசும், அதற்காக.

உங்கள் மகன், என் புருஷன், போன படகின் பலகை மட்டும் கீழவைப்பார் கரையில் ஒதுங்கியது. துக்கம் கேட்க வந்த பெண்களை வாசலிலேயே மறித்தீர்கள். "யாரு செத்துட்டான்னு இங்கன அழ வந்திய?" வந்த வேகத்தில் திரும்பிப் போனார்கள். நான் உள்ளே முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். கட்டிய புருஷனுக்கு வாய்விட்டு அழக்கூட மாமியாரிடம் அனுமதி கேட்க வேண்டிய பிழைப்பு எனக்கு.

எனக்கு ஒரு பூசை வேண்டியிருந்தது. துக்கமணி அடிக்க வேண்டும், நாலு பேர் கட்டிப்பிடித்து அழ வேண்டும், சடலம் இல்லாவிட்டாலும் ஒரு சிலுவை நட வேண்டும். நட்டால்தானே போய் உட்கார ஓர் இடம் கிடைக்கும்? "பொணத்தக் காட்டுளா, நானே மாரடிச்சி அழுவுதேன்" என்றீர்கள். கடலிடம் போய் யார் கேட்பது?

அவர் பிறந்தநாள் பூசை ஞாபகம் இருக்கிறதா? எனக்குத் தெரியாமல் நீங்கள் 'நலம் வேண்டி' என்று அவர் பெயரைக் கொடுத்திருந்தீர்கள். உங்களுக்குத் தெரியாமல் நான் 'ஆன்ம இளைப்பாற்றிக்கு' என்று கொடுத்திருந்தேன். ஊருக்குப் புதிதாக வந்த சாமியார் உயிரோடு இருப்பவர்களில் ஒரு தடவை, இறந்தவர்களில் ஒரு தடவை, அதே பெயரை அதே இழுவையில் வாசித்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள். நீங்கள் பீடத்துக்கு முன்னாலேயே எழுந்து நின்று, "எம்புள்ளயக் கொல்லுதியா, ஏளா?" என்று கத்தினீர்கள். "ஒங்க புள்ளய மீனு தின்னாச்சி மாமி" என்று நானும் கத்தினேன்.

அதன் பிறகு ஒரே அடுப்பில் பொங்கி, பேசாமல் சாப்பிட்டோம். நீங்கள் கண்மூடும்போதும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும் எல்லாம் முறையாக நடந்தது. மணி அடித்தது, பெட்டி வந்தது, தெருவே ஒப்பாரி வைத்தது. எனக்கு வயிறு எரிந்தது.

இன்று காலை, நாளைய பூசைக்குப் பெயர் கொடுக்கக் கோயிலுக்குப் போனேன். உங்கள் பெயரை இறந்தவர்களில் சேர்க்கச் சொன்னேன். நாக்கு தடுமாறவே இல்லை. "அண்ணன் பேரயும் அதுலயே சேத்துருவமா, மயினி?" என்று கேட்டார் பூசைக்குப் பெயர் எழுதும் உபதேசியார். மறிக்க இனி ஆளில்லை. இத்தனை காலம் நான் மல்லுக்கு நின்றதும் இதற்குத்தான். "அதுல வேண்டாம்" என்றேன்.

அப்போதுதான் உறைத்தது. அவரை உயிரோடு வைத்திருக்க நீங்கள் ஒருத்தி இருந்த தைரியத்தில்தான், அவர் செத்துவிட்டார் என்று நான் அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். அந்த வேலையையும் என் தலையில் கட்டிவிட்டு, நீங்கள் நிம்மதியாகப் படுத்துக்கொண்டீர்கள்.

"அப்ப, உசுரோட இருக்கவங்களுலயா?" என்றார் உபதேசியார். அதற்கும் தலையாட்ட முடியவில்லை. "இருக்கட்டும்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

நாளைய பூசையில் அவர் பெயர் எந்தப் பக்கமும் வராது. என்னோடு சண்டை போடவாவது நீங்கள் இருந்திருக்கலாம், மாமி.