மாசிப் பூரணைக்கு நான் வெளியே வந்தது

பெரியகல்லாறு,
14.08.2026

அன்புள்ள தங்கச்சி டிலோஜினிக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் நோவும் சுகமாகத்தான் இருக்கிறது, அவவை விட்டுப் போகிற எண்ணம் அதற்கு இல்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? வட்ஸ்அப்பில் நான் எழுதியதையெல்லாம் பார்த்துவிட்டாய் என்று நீலக் கோடு காட்டுகிறது, பதில்தான் வருவதில்லை. அதனால் இந்தக் கடிதம். நெதர்லாந்துக்குப் போய்ச்சேர எத்தனை நாள் என்று கேட்டதற்குத் தபால் கந்தோரில் இருந்தவர் முகட்டைப் பார்த்துச் சிரித்தார்.

பிள்ளைக்கு மூன்று மாதம் முடிகிறது. பாலைக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்குகிறேன். மேலுதட்டுப் பிளவை அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் தைப்பார்கள். உன் அத்தான் தோணியைக் கரையில் விட்டுவிட்டு என்னோடு வந்து நிற்பார்.

நீ வீடியோ போடுவதை நிறுத்தி இரண்டு மாதமாகிறது. வானத்தைப் பற்றி நீ தமிழில் சொல்வதைக் கேட்கிற தோணிக்காரர்கள் என்னை வழியில் மறித்து விசாரிக்கிறார்கள். ஏன் நிறுத்தினாய் என்பது போன கிழமைதான் எனக்குத் தெரியவந்தது. சீதேவிப்பிள்ளைப் பெரியம்மா உனக்குப் போன் எடுத்தாவாம். "உன்ட கதையக் கேட்டுத்தானே வயித்துப்பிள்ளையோட கிரகணம் பாத்தவள். இப்ப பிள்ளைட உதட்டப் பாரு" என்றாவாம்.

அந்த மாசிப் பூரணைப் பின்னேரம் எனக்கு ஏழாம் மாதம். சோற்றுப் பானையில் தர்ப்பை போட்டு மூடி, கதவையும் சாத்தி, என்னை அசையாமல் படுக்கச் சொன்னார்கள். நீ வீடியோவில், "இது பூமியின்ட நிழல். நிழல் ஆரையும் கடிக்காது" என்று சொல்லியிருந்தாய். நான் பின்கதவால் வெளியே வந்துவிட்டேன். மேற்கே வாவிக்குள் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கிழக்கே கடலிலிருந்து சந்திரன் பாதி குறைந்து, பழைய செப்புக்குடம்போல ஏறிவந்தது. இரண்டுக்கும் நடுவில் நான். நான் நிற்கிற மண்ணின் நிழல் அவ்வளவு தூரம் போய் விழுந்திருக்கிறது, என் நிழலும் அதில் எங்கேயோ கலந்திருக்கும் என்று நினைத்தேன். வயிற்றுக்குள் பிள்ளை மெல்லத் திரும்பிப் படுத்தது. என் வாழ்நாளில் அவ்வளவு அமைதியாக நான் இருந்ததில்லை.

இனி எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கடிதம். வயிற்றுக்குள் உதடு சேர்வது மூன்றாம் மாதம் முடிவதற்குள் என்றும், ஏழாம் மாதத்தில் பார்த்த எதுவும் அதைப் பிரிக்காது என்றும் பிள்ளை பிறந்த அன்றே டொக்டர் சொல்லிவிட்டா. நான் அதை வீட்டில் சொல்லவில்லை. காரணம் சந்திரன் இல்லையென்றால் எல்லாரும் என் உடம்பைத்தான் பார்ப்பார்கள். நீயும் சந்திரனும் தூரத்தில் இருக்கிறீர்கள், பழியைத் தாங்குவீர்கள் என்று பேசாமல் இருந்துவிட்டேன். பெரியம்மா உன்னிடமே சொல்வா என்று நினைக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, தங்கச்சி.

நேற்றுப் பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப ஆர்ட குத்தம்?" என்று கேட்டா. ஒருவருடைய குற்றமும் இல்லை என்றேன். பிறகு என் கையிலிருந்த கரண்டியை வாங்கிப் பிள்ளைக்குப் பால் பருக்கினா.

பிள்ளை அழும்போது கருந்துளை பற்றிய உன் வீடியோவைப் போடுகிறேன். உன் குரலுக்கு நித்திரையாகிவிடுகிறாள். கேட்டுக் கேட்டு எனக்கும் பாடமாகிவிட்டது, அம்மாவும் சமைக்கும்போது இடையிடையே சொல்கிறா. எங்களுக்குப் புதிதாக ஒன்று வேண்டும். அடுத்த கிரகணம் எங்கள் கரைக்கு எப்போது தெரியும் என்று சொல்லு. ஊர் பார்க்க, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்த முறை முன்கதவால் வருவேன்.

கண்ணகை அம்மன் உன்னைக் காக்கட்டும். பேசிக்கொண்டே நெடுநாள் நன்றாக இரு.

உன் அக்கா,
மேனுகா