தர்மபுரி மட்டும்

கப்பலூர்,
12.8.1987

அன்புள்ள தங்கப்பொண்ணுக்கு,

வீரணன் எழுதுவது. நலம். உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. சுகாதார சப்-சென்டரிலேயே உனக்குக் குவார்ட்டர்ஸ் ஒதுக்குகிறார்கள், எடுத்தால் மூன்று வருஷம் மாற்றல் கேட்க முடியாது, மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், என்ன சொல்றீங்க என்று கேட்டிருக்கிறாய். பதிலைக் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன் நேற்று கம்பெனியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நேரில் வேறு யாராவது சொல்லி நீ கேட்கக் கூடாது.

கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வாங்கியதை முன்பே எழுதினேன். எந்த ஊருக்கு எந்த அளவு போல்ட் வாஷர் எவ்வளவு போகிறது என்பதெல்லாம் அதில் ஏற்றியாயிற்று. மொத்தத்தையும் திறந்தால் முதலாளி சந்தானம் சாருக்குத் தலை சுற்றுகிறது. அதனால் பார்ட்டி பெயர், ஊர், சரக்கு, லாரி போகும் தேதி மட்டும் தெரிகிற மாதிரி ஒரு வியூ செய்து, அவர் பெயரிலேயே சேமித்துக் கொடுத்தேன். காலையில் வந்ததும் அதைத்தான் திறப்பார். வியூ என்றால் வேறொன்றும் இல்லை. சரக்குக் கணக்கு உள்ளே அப்படியே இருக்கும், நாம் கேட்டதை மட்டும் காட்டும்.

எனக்கும் ஒன்று செய்தேன். தர்மபுரி மட்டும். அந்தப் பக்கம் லாரி எப்போது போகிறது என்று தெரிந்தால்தானே லாரி ஓட்டும் காளை அண்ணனிடம் உனக்கு ஏதாவது கொடுத்துவிட முடியும்? போன தடவை போய்விட்டு வந்து, "தங்கச்சி எளச்சுப்போச்சு மாப்ள, அந்த மேட்டுல சைக்கிள் மிதிக்குதுல்ல" என்றார். எம்புட்டு இளைத்திருக்கிறாள் என்று கேட்டேன். "நான் என்ன தராசா கொண்டு போனேன்" என்றார். அன்றிலிருந்து சரக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வியூவைத் திறந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

திங்கட்கிழமை உன் கடிதத்தைப் படித்த பிறகு அதில் ஏதோ மாற்றிச் சேமித்தேன். இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதை அழித்துவிட்டு எழுதவா என்று கேட்டது. நான் எதை முழுதாகப் படித்திருக்கிறேன்? சரி என்று தட்டிவிட்டேன். பெயர் கேட்ட இடத்தில் நான் தட்டியிருந்தது முதலாளியின் பெயர்.

நேற்றுக் காலை அவர் திறந்தார். தர்மபுரி மட்டும்தான் இருந்தது. மெஷின் பக்கம் நின்ற என்னைக் கூப்பிட்டு, "ஏம்ப்பா வீரணா, திருநெல்வேலி எங்க? விருதுநகர் எங்க? இம்புட்டுப் பார்ட்டியும் ஒரே ராத்திரியில ஓடிப்போயிட்டானா?" என்று குதித்தார். ஒன்றும் போகவில்லை சார், பார்வைதான் மாறியிருக்கிறது என்று சொல்லி, எல்லா ஊரையும் வரவழைத்துக் காட்டினேன். பிறகுதான் உட்கார்ந்தார். "சரி, நமக்கு ரெண்டே ரெண்டு கடைக்காரன் இருக்குற தர்மபுரிக்கு இதுல என்ன வேலை?" என்றார். கிளார்க் கருத்தக்கண்ணன் சும்மா இருப்பானா? "மொதலாளி, இவன் வீட்டுக்காரி அங்கதான நர்ஸு. பொட்டிக்குள்ள எட்டிப் பாக்குறான்" என்றான். ஆபீஸே சிரித்தது. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "பாத்தது போதும். அடுத்த வியாழக்கெழம லாரி போகுதுல்ல, ஏறிப் போயிட்டு வா" என்றார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். குவார்ட்டர்ஸ் உனக்கு நல்லது. அந்த மேட்டில் சைக்கிள் மிதிக்க வேண்டாம். ராத்திரி பிரசவத்துக்குக் கூப்பிட்டாலும் பயமில்லை. யாரைக் கேட்டாலும் எடுக்கத்தான் சொல்வார்கள். நானே வேறு எவனாவது கேட்டால் அதைத்தான் சொல்வேன். எனக்கு மட்டும்தான் நல்லதில்லை. இங்கே பக்கத்தில் சேடபட்டியில் இடம் காலியாகிறது என்று போன பொங்கலுக்கு நீ சொன்னாயே, அதற்கு எழுதிப் போட்டால் கிடைக்குமா என்று விசாரித்தாயா? எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது.

இருபதாம் தேதி வியாழக்கிழமை ராத்திரி கிளம்பி, வெள்ளிக்கிழமை காலையில் வந்து சேருகிறேன். அதுவரை கையெழுத்துப் போடாதே. போடத்தான் வேண்டும் என்று நீ முடிவு செய்திருந்தாலும் நான் வந்த பிறகு போடு. சண்டை போட மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன்,
வீரணன்