டிக்கியில் அறுபது கிலோ

கார்ஜ் லே கொனெஸ்
05.01.2026

வின்சன்ற் அவர்களுக்கு,

நானும் மகளும் நலம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போனில் கதைத்தால் மூன்றாவது வசனத்தில் சண்டை வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

இன்று காலை பனி. வேலைக்குப் போகக் காரை எடுத்தேன். எங்கள் கட்டடத்து இறக்கத்தில் நான் ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்ப, காரின் பின்பக்கம் தன்பாட்டில் வலப்பக்கம் போய்விட்டது. ஒரு சுற்றுச் சுற்றி விளக்குக் கம்பத்தில் முட்டி நின்றேன். எனக்கு ஒன்றுமில்லை. பின் விளக்கு போய்விட்டது. பக்கத்து வீட்டு றெமிஜியஸ் அண்ணை வந்து பார்த்தார்.

"தங்கச்சி, இது பின் சில்லு இழுக்கிற கார். டிக்கியிலை பாரம் இல்லாமல் பனிக்கை ஓடேலாது" என்றார்.

எனக்கு இது இன்றுதான் தெரியும். நல்லாக ஓடிக்கொண்டிருந்த என் சின்னக் காரை எனக்குச் சொல்லாமல் விற்று, இந்த நீளக் காரை வாங்கி வந்து வாசலில் விட்டீர்களே, அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். அந்தச் சண்டையில்தானே பாரிசுக்கு, லா சப்பலில் அறை எடுத்துப் போனீர்கள்.

சனிக்கிழமை கடைச் சாமான் ஏற்ற நீங்கள் காரை எடுத்தபோது டிக்கியில் வைத்துவிட்டுப் போன மூன்று மூட்டை அரிசிக்கு நன்றி. மூவிராசாக்கள் திருநாள் சாப்பாட்டுக்கு நீங்கள் நேர்ந்து வைத்தது என்று நினைத்து நேற்றுக் கோவிலுக்குக் கொடுத்துவிட்டேன். பூசை முடிவில் பங்குச் சுவாமி நம் இருவர் பேரையும் சேர்த்து வாசித்தார்.

மரியகொறற்றி

லா சப்பல்
08.01.2026

அன்புள்ள கொறற்றிக்கு,

உமக்கு ஒன்றுமில்லை என்ற வரியை நாலு தரம் வாசித்தேன். பிறகு அரிசி வரியை வாசித்துத் தலையில் கைவைத்தேன். அது நேர்த்தி அரிசி இல்லையம்மா. பாரம். பனி வரப்போகிறதாம், பின் சில்லு நிலத்தைப் பிடிக்கட்டும் என்று அறுபது கிலோவையும் என் முதுகில் சுமந்து ஏற்றினேன். நீர் அதைச் சமைக்கக் கொடுத்திருக்கிறீர். டிக்கியில் அரிசி ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

இனிக் கவனமாக வாசியும். இரண்டாம் கியரில் எடும். அக்சிலேட்டரை முட்டையில் மிதிப்பது போல மிதியும். பின்பக்கம் வழுக்கினால் பிறேக்கைத் தொடாதேயும். அக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டு, அது போகிற பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பும். பனிக்கால ரயர் நாலுக்கும் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஏன் இந்தக் கரைச்சல்? நானே வந்து ஓட்டுகிறேன். பதினேழாம் திகதி உடுப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வருகிறேன். அறைக்காரரிடம் சொல்லிவிட்டேன். மகள் அக்‌ஷராவுக்கும் சொல்லிவிட்டேன்.

உமது
வின்சன்ற்

கார்ஜ் லே கொனெஸ்
12.01.2026

வின்சன்றுக்கு,

அறைக்காரரிடம் சொல்லிவிட்டீர்கள். ரயர்க்காரரிடம் சொல்லிவிட்டீர்கள். மகளிடமும் சொல்லிவிட்டீர்கள். உங்கள் கடிதம் வருமுன்னே அவள் பள்ளிக்கூடத்தால் வந்து, பப்பா சனிக்கிழமை வருகிறாராம் என்று பிரெஞ்சில் எனக்கு அறிவித்தாள். வழக்கம்போல இந்த வீட்டில் கடைசியாகத் தெரிய வந்தது எனக்கு.

அரிசி ஏன் என்று நான் கேட்க வேண்டுமாம். வைத்தவர் ஒரு துண்டு எழுதி வைத்திருந்தால் கை தேய்ந்துவிடுமா? அந்த மூட்டைகளைக் கண்டு மனுசன் இளகிவிட்டார் என்று நான் கோவிலில் இருந்து அழுதேன். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

நேற்று அதே இறக்கத்தில் கார் திரும்பவும் வழுக்கியது. நீங்கள் எழுதியபடி அது போன பக்கமே திருப்பினேன், நேராக வந்தது. அதற்கு நன்றி. ஆனால் சனிக்கிழமை பெட்டியோடு வந்து நின்றால் கதவு திறக்க மாட்டேன்.

மரியகொறற்றி

லா சப்பல்
15.01.2026

அன்புள்ள கொறற்றி,

இந்தக் கடிதத்தை இரண்டு தரம் எழுதிக் கிழித்தேன். இரண்டும் "வருகிறேன்" என்றே முடிந்தன. அறையை விடவில்லை என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை வரமாட்டேன்.

கார் உம்முடையது. விற்பதா, வைத்திருப்பதா?

நான் வீட்டுக்கு வரலாமா?

வின்சன்ற்

கார்ஜ் லே கொனெஸ்
19.01.2026

அன்புள்ள வின்சன்ற்,

இருபத்தொரு வருசத்தில் நீங்கள் என்னிடம் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது இதுதான் முதல் தடவை. எனக்கும் பதில் சொல்லிப் பழக்கமில்லை. இரண்டு நாளாகக் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். சுகம் விசாரித்த றெமிஜியஸ் அண்ணையிலும் எரிந்து விழுந்தேன். அந்தப் பாவமும் உங்களுக்குத்தான்.

காரை வைத்திருப்போம். எனக்கு இப்போது அதை ஓடத் தெரியும்.

வீட்டுக்கு இப்போது வர வேண்டாம். இதைக் கோபத்தில் எழுதவில்லை, அது எனக்கே புதினமாக இருக்கிறது. ஏப்பிரலில் உயிர்ப்புப் பாஸ்கா முடியட்டும்.

அதற்குப் பிறகு இன்னொரு தரம் கேளுங்கள்.

கொறற்றி