கல் கொட்டிய கரை

9-1-2002, புதன்

கம்பெனியில் இன்றுதான் டைரி கொடுத்தார்கள். வருஷம் பிறந்து ஒன்பது நாள் ஆகிவிட்டது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து எழுதுகிறேன், இது பன்னிரண்டாவது. பெண்டாட்டி பவுனு கிண்டல் செய்கிறாள். "அப்டி இன்னாதான் எய்துவ? சோறு துன்னேன், பஸ்ஸு ஏறுனேன்னா?"

சரி. இன்று சோறு தின்றேன், பஸ் ஏறினேன். லேத்தில் பகல் ஷிஃப்ட். மகள் மலருக்குக் கணக்கில் தொண்ணூற்று நான்கு.

16-1-2002, புதன். காணும் பொங்கல்

எரிச்சலாக இருக்கிறது. எழுதினால்தான் தணியும்.

குப்பத்தில் அண்ணன் தேசப்பன் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகள் எல்லாம் கடலில் இறங்கினார்கள். இறங்குவதற்கு இப்போது என்ன இடம் இருக்கிறது? கடல் அரித்து அரித்து உள்ளே வர, கரை முழுக்க லாரி லாரியாகப் பாறாங்கல் கொட்டிவிட்டார்கள். நான் பிறந்த வீடு இருந்த இடம் கல்லுக்கு அந்தப் பக்கம், தண்ணீருக்குள். கட்டுமரம் இழுத்து ஏற்றுவதற்காகக் கல்லுக்கு நடுவே ஒரு வழி விட்டிருக்கிறார்கள். இருபதடி மணல். குப்பத்துக்குக் கரை என்றால் இனி அவ்வளவுதான்.

அங்கே அண்ணன் பிள்ளைகள் குதியாட்டம் போட, என் மகள் காலில் ஒரு நுரை பட்டதற்கு வீறிட்டுக்கொண்டு ஓடிவந்து பவுனு இடுப்பைக் கட்டிக்கொண்டாள். எட்டு வயது. வலை பின்னிக்கொண்டிருந்த வெள்ளத்துரை சொல்கிறான்: "இன்னாடா பொன்ராஜி, உன் பொண்ணு அலைய பாத்து வெறிநாய பாத்த மாரி ஓடுது?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஏழு வயதில் என் அப்பா என்னைக் கட்டுமரத்தில் உட்காரவைத்து மூன்றாவது அலையைத் தாண்டிக் கொண்டுபோனார். திரும்பும்போது வேண்டுமென்றே கவிழ்த்தார். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். மரம் கவிழ்ந்தால் அதைப் பிடிக்காதே, அது உருண்டு வந்து உன்னையே அடிக்கும். கையை விட்டுவிடு. அலையே உன்னைக் கரையில் கொண்டுபோய்ப் போடும்.

போட்டது. மணலில் குப்புற விழுந்து எழுந்தேன். அன்றோடு பயம் போனது.

20-1-2002, ஞாயிறு

பவுனிடம் சொன்னேன். மலரைக் கடலுக்குப் பழக்கப்போகிறேன் என்று. கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

"இன்னாத்துக்கு யா? அவ இன்னா வலை இழுக்கப் போறாளா?"

"பயம் தெளியணும்."

"பயம் இருந்தா இன்னா தப்பு? எனுக்கும்தான் பயம். எங்கண்ணன் போனது தெரியும்ல?"

அவள் அண்ணன் புயலில் போனவர். அது வேறு. புயலிலா நான் கூட்டிக்கொண்டு போகிறேன்? அமைதியான ஞாயிற்றுக்கிழமைக் காலை, அலை தாண்டி அரை மணி நேரம். சொன்னால் ஏறவில்லை. "உங்கண்ணனுக்கு அது பொயப்பு. உனுக்கு அது வேடிக்க" என்றாள்.

வேடிக்கையா? பெற்ற பிள்ளைக்குத் தைரியம் சொல்லிக்கொடுப்பது வேடிக்கையா? விம்கோ நகர் மாடி வீட்டில் டிவி முன்னால் உட்காரவைத்து வளர்த்தால் அதற்குப் பெயர் பத்திரமா?

அண்ணனும் அவள் கட்சி. "பொயப்புக்குப் போறவன் எவனும் கொயந்தைய ஏத்திகினு போவ மாட்டான்டா. என் பையனையே பதினாலு வயசுக்கு மேலதான் ஏத்துவேன்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போறதுன்னா நான் கூட வருவேன். வழி பாத்து உள்ள கொண்டாரது என் வேல. அத்த நீ மறந்து பன்னெண்டு வருசம் ஆவுது" என்றார்.

மறந்தேனாம். நீச்சல் மறக்குமா?

3-2-2002, ஞாயிறு

கல்லுக்கு நடுவே விட்ட அந்த வழியில், இடுப்பளவுத் தண்ணீரில் மலரை இறக்கினேன். கத்தினாள், குடித்தாள், வாந்தி எடுத்தாள். விடவில்லை.

17-2-2002, ஞாயிறு

இன்று சிரித்தாள்! அலை வரும்போது மூச்சை அடக்கி உள்ளே போய், அந்தப் பக்கம் எழுந்து, "நைனா, இன்னொரு தபா!" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உப்புத் தண்ணீர் என்று சொல்லிச் சமாளித்தேன்.

வீட்டில் கட்டில்தான் எங்கள் மரம். நான் ஒரு பக்கம் தூக்குவேன்.

"மரம் கவுந்தா?"

"கைய உட்டுடணும்."

"அப்பாலிக்கா?"

"வாய மூடிக்கணும். அலையே கரைல போட்டுடும்."

வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறாள். பவுனு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். வழிக்கு வருகிறாள் என்று நினைக்கிறேன்.

24-2-2002, ஞாயிறு

மூன்றாவது அலை தாண்டினோம்! அண்ணன் பின்னால் துடுப்பு, நான் முன்னால், நடுவில் மலர். அந்தப் பக்கம் கடல் தட்டையாகக் கிடந்தது. துறைமுகத்துக்கு வெளியே காத்திருக்கும் கப்பல்களை எண்ணினாள், ஒன்பது. எண்ணூர்ப் புகைக்கூண்டுகளைக் காட்டி, "நம்ம வூடு தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன். "நம்மள யாராலயும் புடிக்க முடியாது நைனா" என்று கத்தினாள். அவ்வளவு பெரிய குரல் அவளிடம் இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

ஒரு பிள்ளைக்கு இதைவிட என்ன கொடுத்துவிட முடியும்?

கவிழ்க்கலாம் என்றேன். அண்ணன் முறைத்தார். பத்திரமாக வழியில் ஏற்றினார்.

9-3-2002, சனி

நாளைக்கு அண்ணன் காசிமேட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகிறாராம். அடுத்த வாரம் பார்க்கலாம் என்கிறார். அடுத்த வாரம் எனக்கு ஷிஃப்ட். மலர் போன வாரமே கேட்டுக்கொண்டிருந்தாள். மரம் சும்மாதானே கிடக்கிறது.

பவுனு, "டயர் டியூபாவது கட்டு யா அவளுக்கு" என்றாள். டியூப் கட்டினால் வெள்ளத்துரை ஆறு மாதத்துக்குச் சிரிப்பான். பார்க்கலாம் என்று சொல்லி வைத்தேன்.

10-3-2002, ஞாயிறு

13-3-2002, புதன்

உயிர் இருக்கிறது.

15-3-2002, வெள்ளி

எழுதித்தான் ஆகவேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி மாற்றிச் சொல்லிக்கொள்வேன். என்னை எனக்குத் தெரியும்.

டியூப் கட்டவில்லை. போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது வழிக்கு நேராக வருகிறோம் என்றுதான் நினைத்தேன். நீரோட்டம் வடக்கே தள்ளியிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. அவள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள், நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து வந்த அலை மரத்தைக் குறுக்கே திருப்பிவிட்டது. கவிழ்ந்தது.

தண்ணீருக்கு மேலே வந்தபோது என் இரண்டு கையும் மரத்தில் இருந்தது. நான் யோசித்துப் பிடிக்கவில்லை. கை தானாகப் பிடித்துக்கொண்டது. மலரும் பிடித்துக்கொண்டிருந்தாள், அந்தப் பக்கம், இரண்டடி தூரத்தில். என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். கையை விட்டாள்.

சொல்லிக்கொடுத்த மாதிரியே. விரல் விரலாகப் பார்த்தேன்.

அலையும் என் அப்பா சொன்ன மாதிரியே செய்தது. கொண்டுபோய்க் கரையில் போட்டது. ஐயோ, அங்க மணல் எங்கடா இருக்கு! பொங்கல் அன்னிக்கு இந்த டைரியில நானேதான எழுதினேன், கரை முழுக்கக் கல்லுன்னு? எழுதின கைக்குத் தெரிஞ்சது மண்டைக்குத் தெரியலையா? முப்பத்தஞ்சு வயசு வரைக்கும் நான் எந்தக் கரையை நெனச்சிகினு இருந்தேன்?

பாறைக்கும் பாறைக்கும் நடுவில் வலது கால் மாட்டிக்கொள்ள, அடுத்த அலை அதை முறித்தது. வெள்ளத்துரைதான் கல் மேல் ஓடிவந்து எடுத்தான். அவன் சிரிக்கவில்லை.

மரம் என்னை வழிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டது. எனக்கு ஒரு கீறல் இல்லை.

19-3-2002, செவ்வாய்

ஆஸ்பத்திரி. முட்டி நொறுங்கியிருக்கிறது, தொடை எலும்பு இரண்டு இடத்தில். தலையில் பதினோரு தையல். பவுனு கட்டிலுக்குக் கீழே பாய் போட்டிருக்கிறாள். நான் வாங்கிவரும் இட்லியைப் பிள்ளைக்கு ஊட்டுகிறாள்.

டாக்டரம்மா கேட்டார்: "குழந்தையை எதுக்குக் கூட்டிட்டுப் போனீங்க? மீன் பிடிக்கவா?"

"இல்லைங்க."

"அப்புறம்?"

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். தைரியம் வரட்டும் என்று. வெள்ளத்துரை சிரித்தான் என்று. என் அப்பா என்னைக் கூட்டிப்போனார் என்று. லேத் முன்னால் பன்னிரண்டு வருஷம் நின்றவன் இன்னும் கடல்காரன்தான் என்று நாலு பேர் பார்க்கட்டும் என்று. எதைச் சொன்னாலும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொல்லக் கூசும்.

அவளைக் கேட்டுத்தான் கூட்டிப்போனேன். சரி என்றாள். எட்டு வயதுப் பிள்ளை அப்பனிடம் சொல்லும் 'சரி'யை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

22-3-2002, வெள்ளி

இன்று நன்றாகப் பேசினாள். முதலில் என்னைத்தான் தேடினாள்.

"நைனா, நான் கரெக்டா உட்டேன்ல?"

"கரெக்டா உட்டம்மா."

"நீயும் உட்டியா?"

"உட்டேன்."

பவுனு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாது. ஆனாலும் பார்த்தாள்.

4-4-2002, வியாழன்

அண்ணன் ஆஸ்பத்திரி வாசலில் டீ வாங்கிக் கொடுத்தார். குடித்து முடித்ததும் சொன்னார்.

"வெள்ளத்துரை சொன்னான். நீ மரத்த புடிச்சிகினே வந்தியாமே."

ஆமாம் என்றேன்.

"நம்ம நைனா சொன்னது அந்தக் கரைக்குடா. இந்தக் கல்லுக்கு இல்ல. இப்போ நாங்க எவனும் மரத்த உடறதில்ல. கை பிஞ்சாலும் புடிச்சிகினு கெடப்போம். ஒரு வார்த்த என்னக் கேட்டிருக்கலாம்ல?"

குப்பத்தில் சின்னப் பையனுக்குக்கூடத் தெரிந்த விஷயம். நான் யாரையும் கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

2-5-2002, வியாழன்

மாவுக்கட்டு பிரித்தார்கள். முட்டி இனி மடங்காது.

10-6-2002, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தது. நான்காம் வகுப்பு மாடியில். இருபத்திரண்டு படி. கால் நீட்டியபடியே, பக்கவாட்டில், ஒவ்வொரு படியாக ஏறுகிறாள். வாட்ச்மேன் தூக்கிவிட வந்தார், வேண்டாம் என்றாள். கீழே நின்று பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன். லேத்தில் இரண்டு பீஸ் வீணாக்கினேன்.

7-7-2002, ஞாயிறு

டீச்சர் 'மறக்க முடியாத நாள்' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும் என்று நோட்டை நீட்டினாள். முத்து முத்தான கையெழுத்து. 'படகு கவிழ்ந்ததும் அப்பா சொன்னபடி நான் கையை விட்டுவிட்டேன். என் அப்பாவும் விட்டுவிட்டார். என் அப்பா மிகவும் தைரியசாலி.'

கையெழுத்துப் போட்டேன். போட்ட கையை என்ன செய்வது?

14-7-2002, ஞாயிறு

சொல்லிவிட்டேன். ஒரு வாரம் தாங்கினேன், அதற்குமேல் முடியவில்லை. அவளுக்காகச் சொன்னேனா, எனக்காகச் சொன்னேனா, தெரியவில்லை.

கலர் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். பவுனும் இருந்தாள். "மலரு, அன்னிக்கு நான் மரத்த உடல. புடிச்சிகினுதான் இருந்தேன். பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

சீவுவதை நிறுத்தவில்லை. பென்சிலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்போ நானும் புடிச்சிகினு இருந்தா, காலு நல்லா இருந்திருக்குமா?"

"தெர்லம்மா."

தெரியும். இருந்திருக்கும்.

"சரி" என்றாள். எட்டு வயது 'சரி'. பவுனு எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். கட்டுரையை ரப்பரால் அழித்துத் திருத்தட்டுமா என்று கேட்டாள் மலர்.

18-8-2002, ஞாயிறு

கம்பெனியில் ஒருத்தர் தன் ஆறு வயதுப் பையனை பைக் டேங்க் மேல் நிற்கவைத்துக் கடற்கரை ரோட்டில் ஓட்டியதைப் பெருமையாகச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழுந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. சூப்பர்வைசர் வந்து கூட்டிப்போய் உட்காரவைத்தார்.

12-9-2002, வியாழன்

மலரைக் கால் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டுத் திரும்பினேன். பஸ்ஸில் நல்ல கூட்டம். மலர் இப்போது என்னோடு அதிகம் பேசுவதில்லை, சண்டையும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். தண்டையார்பேட்டையில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்ததும் என்னையும் உட்காரச் சொன்னாள்.

விம்கோ நகரில் நான் முதலில் இறங்கிக் கையை நீட்டினேன். அவள் படியில் நின்று என் கையைப் பார்த்தாள். கண்டக்டர், "அப்பா கைய புடிச்சி எறங்கு பாப்பா, நேரமாவுது" என்றார்.

"இல்ல அங்கிள், நான் இத்த புடிச்சிக்கிறேன்" என்றாள்.

இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மடங்காத காலை முதலில் கீழே விட்டு, மெதுவாக இறங்கினாள். கண்டக்டர் விசில் ஊதவில்லை. நான் நீட்டிய கையோடு நின்றுகொண்டிருந்தேன். இரண்டு காலும் தரையில் ஊன்றிய பிறகுதான் கம்பியை விட்டாள்.