எர்த் வயர்

அன்பு மகளுக்கு,

அடுத்த அறையில்தான் நீ இருக்கிறாய். நேரில் சொல்லத் தைரியம் வராததால் எழுதுகிறேன்.

மாப்பிள்ளையும் நானும் எதிர்வீட்டுத் தையற்காரரும் சனிக்கிழமைகளில் பேஸ் கிடார் வாசிக்கக் கூடுவோம். வாசித்ததைவிட, எந்தக் கம்பி நல்லது, எந்த ஆம்ப்ளிஃபயர் நல்லது என்று அவர்கள் பேசியதுதான் அதிகம். தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று நான் வாய் திறப்பதில்லை.

போன மாதம் மாப்பிள்ளை, "ரிப்பேர் பண்ணி வந்தும் ஆம்ப் உறுமிக்கிட்டே இருக்கு மாமா," என்றார்.

"நீங்க வாசிக்கறதுக்கு அந்த உறுமலே தேவலை," என்றார் தையற்காரர்.

"பிளக்குல எர்த் வயரைக் கழட்டிட்டா நின்னுடும். நான் பல வருஷமா அப்படித்தான் வாசிக்கிறேன்," என்றேன்.

"மாமாகிட்ட இவ்வளவு சரக்கு இருக்கா?" என்று மாப்பிள்ளை சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் ஸ்க்ரூடிரைவரால் நானே கழற்றிக் கொடுத்தேன். உறுமல் நின்றது.

பிறகு ஆம்புக்குள் எங்கோ மின்சாரம் கசிந்திருக்கிறது. எர்த் வயர் இருந்திருந்தால் ஃபியூஸ் போயிருக்கும். அது இல்லாததால் கிடார் கம்பி வழியாக மாப்பிள்ளை கைக்கு வந்து உயிரைக் கொண்டுபோய்விட்டது.

அந்த வயரை இணைக்காமல் விட்டதாக மெக்கானிக்மேல் நீ எழுதிய புகாரை மேஜையில் பார்த்தேன். அவர் சரியாகத்தான் இணைத்திருந்தார். அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுது.

நாளைக் காலை போலீஸ் ஸ்டேஷனுக்கு நானும் வருகிறேன். உன் பக்கத்தில் உட்கார மாட்டேன்.

அப்பா